கீபோர்டு இணைப்பு விழா

மரக்காணத்து உப்பு நகர்வு ஒழுங்கு அலுவலகத்தில் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்த அன்று குழந்தைசாமியும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கை தட்டினான். பிற்பாடு அதற்காகத் தன் கையையே நொந்துகொண்டான். ஆனால் அன்றைக்குத் தட்டாமல் இருந்திருக்க முடியாது. உப்பளக்காரர்கள் தட்டுகிறார்களா என்று பார்ப்பதற்கென்றே ஓர் ஆளை வேலியோரம் நிறுத்தியிருந்தார்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷத்துப் புரட்டாசி அது. உப்பு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகரும்போது அது ஒழுங்காக நகர்கிறதா என்று பார்ப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. பர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை உப்பு மெயின் ரோட்டுச் சாவடியைத் தாண்ட முடியாது. அதுவரை சந்தனமேரி என்கிற டைப்பிஸ்ட் பழைய டைப்ரைட்டரில் பர்மிட் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் போய்க் கேட்டால் சாப்பாட்டு வேளைக்குள் கையில் கிடைத்துவிடும். அந்த ஏற்பாட்டில் இருந்த ஒரே குறை, அது ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததுதான்.

விழாவில் அதிகாரி கண்ணாயிரம் தேங்காய் உடைத்து, ரிப்பன் வெட்டி, பேசினார். இதுவரை பர்மிட்டுக்காக நீங்கள் அரை நாள் காத்திருந்தீர்கள், இனிமேல் அரை நாள் காத்திருக்க வேண்டிய நிலைமையே வராது என்றார். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் பலித்தது. அதற்குப் பிறகு மரக்காணத்தில் யாரும் அரை நாள் காத்திருக்கவில்லை. அன்றைய தேதியிலிருந்து கையாலும் டைப்ரைட்டராலும் எழுதிய பர்மிட் எதுவும் செல்லாது என்று உத்தரவு வாசித்தார்கள். டைப்ரைட்டரைப் பெட்டியில் வைத்து ஆணியடித்து மூடினார்கள். கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடியில் பச்சை வெளிச்சம் எரிந்ததைப் பார்த்து எல்லாரும் மெய்சிலிர்த்தார்கள். எழுத்து அடிக்கிற கீபோர்டு இன்னும் மெட்ராஸிலிருந்தே வந்து சேரவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இதில் குழந்தைசாமிக்கு என்ன வந்தது என்றால், அவனுடைய உப்பு, அலுவலகத்துக்குப் பின்னாலேயே கரையில் அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. மாசியிலிருந்து அவனும் பெண்சாதி தனக்கோடியும் வெயிலில் வெந்து வாரிய உப்பு. கால் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, அந்த வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறி, ராத்திரி கண் மூட முடியாமல் கிடந்து சேர்த்த உப்பு. ஐப்பசி மழைக்கு முன்னால் அது லாரி ஏறி திண்டிவனத்து மண்டிக்குப் போய்விட்டால், தை பிறந்ததும் அதே பாத்தியைக் குத்தகைக்காரர் அவனுக்கே மறுபடியும் விடுவார். போகாவிட்டால் பாத்தி வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த உப்பளத்தில் அதுதான் வழக்கம், அதற்கு மேல்முறையீடு கிடையாது.

விழா முடிந்த மறுநாளே அவன் பர்மிட்டுக்குப் போய் நின்றான். கீபோர்டு வரட்டும் என்றார்கள். சில நாள் கழித்து அது பஸ்ஸில் பார்சலாக வந்தது. போய்ப் பார்த்தான். கம்ப்யூட்டர் ஒரு மேஜையில் இருந்தது. கீபோர்டு, ஒரு வயர் வாலோடு, கைக்கெட்டும் தூரத்தில் இன்னொரு மேஜையில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தலைமை எழுத்தர் சகாதேவன் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழந்தைசாமி வணக்கம் சொல்லிவிட்டு, வந்துவிட்டதே, இனி அடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டான். இன்னும் சேர்க்கவில்லை என்றார் சகாதேவன். சேர்ப்பது ரொம்பக் கஷ்டமா என்று கேட்டான்.

"இன்னா கஷ்டம்? இந்த வயரை அந்த ஓட்டையில சொருகணும். அவ்ளோதான். கொழந்தகூட சொருகிடும்."

"அப்போ சொருகிடலாங்களே?"

"ஏம்பா, எப்பிடிச் சொருகறதுன்னு எல்லாருக்கும் தெரியும். யார் சொருகறதுங்கறதுதான் விஷயம்."

சகாதேவன் அதை விளக்கியபோது அவர் முகத்தில் ஒரு தாயின் பூரிப்பு இருந்தது. கம்ப்யூட்டர் மின்சாரத்தில் ஓடுவதால் அது மின்சாதனப் பிரிவு. கீபோர்டில் எழுத்து இருப்பதால் அது எழுதுபொருள் பிரிவு, பேனா, மைக்கூடு மாதிரி. மின்சாதனத்தைத் தொடுகிற எலெக்ட்ரீஷியன் எழுதுபொருளைத் தொடக் கூடாது. எழுதுபொருளைத் தொடுகிற சந்தனமேரி மின்சாதனத்தைத் தொடக் கூடாது. வயர் இருக்கிறதே, அது கீபோர்டிலிருந்து புறப்படும்போது எழுதுபொருள், ஓட்டைக்குள் போய்விட்டால் மின்சாதனம். நடுவில் எந்த இடத்தில் மாறுகிறது என்று மெட்ராஸுக்கு எழுதிக் கேட்டிருக்கிறது. பதில் வந்ததும் ஒரு நொடி வேலை.

குழந்தைசாமி வெளியே வந்து வானத்தைப் பார்த்தான். கடல் பக்கம் ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. மேகம் யாருக்கும் எழுதிக் கேட்டுவிட்டு வருவதில்லை என்கிற பயம் அவனுக்குள் அன்றைக்குத்தான் முதலில் புகுந்தது.

மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. வயரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டருக்கு உப்புக்காற்று ஆகாது, கீபோர்டைச் சேர்க்கும் முன் சுற்றுவட்டாரத்தில் உப்பு இல்லாதபடி பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது. உப்பு அலுவலகத்தின் சுற்றுவட்டாரத்தில் உப்பு இருப்பது அதுவரை யார் மனசையும் உறுத்தியதில்லை. இப்போது உறுத்தியது. கண்ணாயிரம் ஜன்னலைத் திறந்து பார்த்தார். கண்ணெதிரே குழந்தைசாமியின் அம்பாரம் வெள்ளை வெளேரென்று நின்றது. அதை உடனே அகற்ற வேண்டும் என்று நோட்டீஸ் போட்டார்.

குழந்தைசாமி சந்தோஷப்பட்டான். நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஓடி வந்து, லாரி தயாராக இருக்கிறது, பர்மிட் கொடுத்தால் இன்றைக்கே அகற்றிவிடுகிறேன் என்றான். பர்மிட்டைக் கம்ப்யூட்டர்தான் கொடுக்கும் என்றார் கண்ணாயிரம். கம்ப்யூட்டர் எப்போது கொடுக்கும் என்று கேட்டான். கீபோர்டு சேர்ந்ததும் கொடுக்கும் என்றார். கீபோர்டு எப்போது சேரும் என்று கேட்டான். நீ உப்பை அகற்றியதும் சேரும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. குழந்தைசாமி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான், எங்கேயாவது ஒரு சிரிப்பு ஒளிந்திருக்குமா என்று. இல்லை.

"உனக்கு ஒரு அம்பாரம்தாம்பா" என்றார் அவர், கொஞ்சம் இரக்கத்தோடு. "எனக்கு இந்தக் கடற்கரை முழுக்க உப்பு. நான் யார்கிட்ட போய் அழுவறது?"

வீட்டுக்கு வந்து தனக்கோடியிடம் சொன்னான். அவள் விறுவிறுவென்று போய்ப் பனங்கீற்றுக் கட்டுகளைத் தலையில் தூக்கி வந்தாள். அம்பாரத்தைக் கீற்று வேய்ந்து மூடிவிட்டால் மழையானாலும் பாதிக்கு மேல் தப்பும். இருவரும் பாதி மூடியிருப்பார்கள், அலுவலகத்து ஆட்கள் வந்து தடுத்தார்கள். அம்பாரத்தின் மேல் அலுவலக முத்திரை குத்தியிருக்கிறது. ஈரக் களிமண் அப்பி, எழுத்து வெட்டிய மரப்பலகையால் அழுத்துகிற முத்திரை. உப்பு திருட்டுப்போனால் முத்திரை கலைந்து காட்டிக்கொடுக்கும். கீற்று போட்டு மூடினால் முத்திரை தெரியாது. அதோடு, அகற்றச் சொன்ன உப்பை மூடுவது அதை அகற்ற விருப்பமில்லை என்பதைக் காட்டுகிறது என்றார் சகாதேவன். கீற்றைப் பறிமுதல் செய்து எடுத்துப் போனார்கள். கம்ப்யூட்டர் அறையின் ஓடு ஒழுகுகிறது என்று அதற்கு மேலேயே அந்தக் கீற்றைப் பரப்பிக் கட்டினார்கள். பறிமுதல் செய்த பொருளைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பது விதி, கூரையைவிடப் பத்திரமான இடம் எது?

ஐப்பசி பிறந்தது. திண்டிவனத்து மண்டிக்காரர் லாரியை அனுப்பி, இதுதான் கடைசி, திரும்பினால் மறுபடி வராது என்று சொல்லிவிட்டார். லாரி கரையோரம் நின்றது. அன்றைக்கு மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. காற்று நின்றுபோய், நாய்களெல்லாம் அலுவலகத்துத் தாழ்வாரத்தில் வந்து படுத்துக்கொண்டன. குழந்தைசாமி உள்ளே ஓடினான். கண்ணாயிரமும் சகாதேவனும் சாப்பிடப் போயிருந்தார்கள். சந்தனமேரி மட்டும் ஒன்றும் அடிக்க இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் மூச்சிரைக்க நின்று இரண்டு மேஜைகளையும் பார்த்தான். அந்த வயர் எங்கே போகணும் என்று அவளிடம் கேட்டான்.

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணே" என்றாள் சந்தனமேரி. கண் மட்டும் பெட்டியின் பின்பக்கம் போய்வந்தது. "நான் தண்ணி குடிக்கப் போறேன்."

அவள் எழுந்து பானையருகே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு டம்ளர் தண்ணீரை அவ்வளவு நேரம் யாரும் குடித்ததில்லை. குழந்தைசாமி கீபோர்டைத் தூக்கினான். உப்பு வாரி வாரிப் பாளம் பாளமாக வெடித்த கையால் வயரின் முனையைப் பிடித்தான். இதைத் தொட்டதற்கு ஜெயிலில் போடுவார்களோ என்று ஒரு கணம் நினைத்தான். அப்புறம் மின்னல் வெட்டியது. ஓட்டை ஒன்றுதான் இருந்தது, வயரின் முனை அதற்கென்றே செய்தது. முதல் தடவை ஏறவில்லை, இரண்டாம் தடவை ஏறிவிட்டது. பெட்டி 'கீச்' என்று ஒரு சத்தம் போட்டது.

சந்தனமேரி ஓடிவந்து உட்கார்ந்தாள். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அடிக்க ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்த அச்சு இயந்திரம் கடகடவென்று காகிதத்தைத் தள்ளியது. குழந்தைசாமி, தகப்பன் பேர், உப்பளம், லாரி எண் என்று ஒவ்வொரு வரியாக ஏறிக்கொண்டு வந்தது. இன்னும் உப்பின் அளவும் தேதியும்தான் பாக்கி, அப்போது வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்டது.

கண்ணாயிரம் உள்ளே வந்தார். பச்சை எழுத்துகளைப் பார்த்தார். வயரைப் பார்த்தார். யார் கனெக்ஷன் கொடுத்தது என்று கேட்டார். சந்தனமேரி எழுந்து நின்றாள்.

"நாந்தாங்க சொருகினேன்" என்றான் குழந்தைசாமி.

"நல்லா வேலை செய்யுது சார்" என்றாள் சந்தனமேரி.

"அதாம்மா பிரச்சனையே." கண்ணாயிரம் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "வேலை செய்யலன்னா ஒண்ணும் நடக்கலன்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். வேலை செய்யுது. இப்ப நான் இன்னான்னு எழுதறது?"

குழந்தைசாமி அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு வரிதான் பாக்கி, அதை மட்டும் முடித்துக் கொடுத்துவிடுங்கள், லாரி நிற்கிறது, அப்புறம் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று கெஞ்சினான். கண்ணாயிரத்துக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"முறையில்லாம சொருகின கீபோர்டுல அடிச்சா அது முறையில்லாத பர்மிட். அதுல போறது முறையில்லாத உப்பு. நாளைக்கு எவனாவது அதைச் சோத்துல போட்டுத் தின்னான்னா, யாருப்பா பதில் சொல்றது?"

இதற்குள் சகாதேவனும் வந்து சேர்ந்தார். வயரைப் பிடுங்கச் சொன்னார் கண்ணாயிரம். சகாதேவன் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சார், சொருகறதுக்குத்தான் மேல கேட்டிருக்கோம். புடுங்கறதுக்குக் கேக்கலியே."

கூரைக் கீற்றின் மேல் முதல் துளி விழுந்தது. முறையாகச் சொருக வேண்டுமானால் முதலில் முறையில்லாமல் சொருகியதைப் பிடுங்க வேண்டும். பிடுங்க உத்தரவு வேண்டும். உத்தரவு வரும் வரை யாரும் தொடாதபடி முத்திரையிட்டு வைப்பது என்று முடிவாயிற்று. அந்த அலுவலகத்துக்குத் தெரிந்த முத்திரை ஒன்றுதான். ஓர் ஆள் ஓடிப்போய்ச் சட்டி நிறைய ஈரக் களிமண் கொண்டு வந்தான். கீபோர்டின் மேல் எழுத்து தெரியாமல் வழித்து அப்பினான். மரப்பலகையை வைத்து, அம்பாரத்தின் மேல் அழுத்துகிற மாதிரியே இரண்டு கையாலும் உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்தினான். அழுத்தியபோது அச்சு இயந்திரம் தன் பாட்டுக்கு ஏதேதோ அடித்துத் தள்ளி, பிறகு நின்றது. முத்திரை நன்றாக விழுந்திருக்கிறது என்றார் சகாதேவன்.

குழந்தைசாமி அதைப் பார்க்க நிற்கவில்லை. வெளியே ஓடினான். மழை கொட்டத் தொடங்கியிருந்தது. கீற்றுக்காகத் தாழ்வாரத்துக்கு ஓடினான். அது கூரையில் இருந்தது, கம்ப்யூட்டருக்கு மேலே, ஒரு சொட்டு ஒழுகாமல். தனக்கோடி அம்பாரத்தின்மேல் சாக்குகளை விரித்துக்கொண்டிருந்தாள். சாக்கு போதாமல் புடவையை அவிழ்த்து விரித்து, பாவாடையோடு அதன்மேல் மல்லாந்து படுத்துவிட்டாள். அவனும் பக்கத்தில் படுத்தான். எவ்வளவு இடத்தை இரண்டு உடம்பு மூட முடியும்? முதுகுக்குக் கீழே உப்பு இளகி, சரிந்து, வாய்க்காலாக ஓடுவது தெரிந்தது. முகத்தில் வழிந்தது எது என்று அவர்களுக்கே தெரியவில்லை. லாரிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மழை விட்டபோது அலுவலகத்துக்குப் பின்னால் அம்பாரம் இல்லை. கண்ணாயிரம் ஜன்னலைத் திறந்து பார்த்து, சுற்றுவட்டாரம் சுத்தமாகிவிட்டது என்று மெட்ராஸுக்குத் தந்தி அடித்தார். பிடுங்கவும் சொருகவும் ஒரே காகிதத்தில் உத்தரவு வந்தது. மழை ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை கீபோர்டு இணைப்பு விழா வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். முதல் பயனாளி என்று குழந்தைசாமியை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ நஷ்டத்துக்கு ஈடு கொடுப்பார்கள் என்று தனக்கோடி சொல்லி அனுப்பியிருந்தாள். அவனும் பாதி நம்பிக்கொண்டுதான் வந்தான்.

பெரிய அதிகாரி பேசினார். கம்ப்யூட்டருக்குப் பகையான உப்பு இந்த அலுவலகத்து ஊழியர்களின் அயராத முயற்சியால் அடியோடு ஒழிக்கப்பட்டிருக்கிறது, மற்ற உப்பளங்களும் மரக்காணத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கை தட்டினார்கள். வயரை ஒருவர் பிடுங்கினார், இன்னொருவர் சொருகினார், இருவருக்கும் மாலை போட்டார்கள். கீபோர்டிலிருந்த களிமண்ணைக் கரண்டியால் சுரண்டியிருந்தார்கள். இடுக்கில் போனது போகவில்லை. பூஜ்யத்துக்கு உள்ள விசை மட்டும் அமுங்கினால் எழவில்லை. சந்தனமேரி அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மேடையில் பேசாதே என்று சகாதேவன் கண்ணைக் காட்டினார்.

அவளிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து அடிக்கச் சொன்னார்கள். அவள் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து குழந்தைசாமியைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து அடித்தாள். கடகடவென்று வெளியே வந்ததைக் கண்ணாயிரம் கிழித்து, உரக்க வாசித்தார். குழந்தைசாமி என்பவர் பேரில் அம்பாரம் இருந்தது. இப்போது இல்லை. அவருக்குப் பர்மிட் எதுவும் வழங்கப்படவில்லை. ஆகவே அவர் பர்மிட் இல்லாமல் உப்பை நகர்த்தியிருக்கிறார், முத்திரையையும் சேர்த்து. விசாரணை முடியும்வரை பாத்தியில் கால் வைக்கக் கூடாது. நகர்த்திய அளவு என்று வாசிக்க வந்தவர், பூஜ்யங்கள் ஒரு வரி முழுக்க ஓடி அடுத்த வரிக்கும் போயிருந்ததால், மூச்சு வாங்கி நிறுத்தினார்.

அது அந்த உப்பளம் முழுவதிலும் ஒரு தலைமுறை விளைந்தாலும் வராத அளவு உப்பு. கூட்டத்தில் யாரோ அவ்வளவு இருக்காதுங்க என்றார்கள். மனிதன்தான் தப்புப் பண்ணுவான், மிஷின் பண்ணாது என்றார் பெரிய அதிகாரி. பிறகு குழந்தைசாமி பக்கம் திரும்பி, கடுமையாக, இவ்வளவு உப்பையும் எங்கே கொண்டுபோனாய் என்று கேட்டார்.

குழந்தைசாமி எழுந்தான். அவனுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

"கடல்லதாங்க இருக்குது. உங்க முத்திரையும் அது மேலயேதான் போச்சு. போய்ப் பாத்து எடுத்துக்குங்க."

பெரிய அதிகாரி கண்ணாயிரத்தைப் பார்த்தார். கண்ணாயிரம் சகாதேவனைப் பார்த்தார். சகாதேவன், கடல் எந்தப் பிரிவில் வருகிறது என்று கேட்டு எழுதிவிடலாம் சார் என்றார். உப்பின் இருப்பிடத்தை ஒப்புக்கொண்டார் என்று சந்தனமேரியை அடிக்கச் சொன்னார்கள். அவள் அடித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீட்டு வாசலில் தனக்கோடி நின்றுகொண்டிருந்தாள். அவன் கையில் கொடுத்தனுப்பியிருந்த காகிதத்தைப் பார்த்து, குடுத்துட்டாங்களா என்று கேட்டாள்.

"பர்மிட் குடுத்துட்டாங்க" என்றான் குழந்தைசாமி. "உப்புக்கு இல்ல. நமக்கு."

குத்தகைக்காரர் தைக்குக்கூடக் காத்திருக்கவில்லை, பாத்தியைப் பக்கத்து ஊர் அனுமந்தைக்காரர் ஒருவருக்குப் பேசி முடித்துவிட்டார். அடுத்த வாரம் இருவரும் பாண்டிச்சேரி பஸ் பிடிக்க மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். தலையில் ஒரு துணி மூட்டை, கையில் இரண்டு பாத்திரம். சாவடிக்காரர் எழுந்து வந்து மூட்டையை அமுக்கிப் பார்த்தார். உள்ளே உப்பு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தனக்கோடி சொன்னாள்.